“வீட்டில் சொல்லிவிடுவேன்!”



போன வாரம் இதே மைதானத்தில் ஒரு தலைவர் பேசிவிட்டுப் போயிருக்கிறார். பெண்கள் விடுதியை மாலை ஆறு மணிக்குப் பூட்டு, செல்போனைப் பிடுங்கு, குற்றம் தானாக ஒழியும் என்கிறார். பெண்ணின் பெருமையை ஒரு மணி நேரம் பேசினாராம். அவர் மேடையில் ஒரு பெண்ணுக்கும் நாற்காலி இல்லையாம்!

பொள்ளாச்சியில் என்ன நடந்தது? ஒரு கும்பல் பெண்களோடு பழகியது, நம்பவைத்தது, படம் பிடித்தது. பிறகு “வீட்டில் சொல்லிவிடுவேன்” என்ற மிரட்டல் போதுமானதாக இருந்தது. 2019-இல் ஒருத்தி துணிந்து புகார் கொடுத்தாள். அவள் பெயரைப் பத்திரிகையாளர்கள் முன் சொன்னவர் யார்? மாவட்டக் காவல் கண்காணிப்பாளர்! அரசாணையிலும் அந்தப் பெயர் அச்சானது. பாலியல் கொடுமைக்கு ஆளானவளின் பெயரை வெளியிடுவதே குற்றம், ஐயா! அந்தக் கும்பலின் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை என்ற தீர்ப்பு வர 2025 மே 13 ஆகிவிட்டது.

திருந்தினோமா? 2024 டிசம்பர் 23, அண்ணா பல்கலைக்கழகம். நண்பரோடு இருந்த மாணவியை வீடியோவைக் காட்டி மிரட்டினான் ஒருவன். மறுபடியும் அதே ஆயுதம்! அவள் கொடுத்த புகாரின் முதல் தகவல் அறிக்கையே ஊரெல்லாம் சுற்றியது. அதில் பழி அவள் மேலேயே விழும்படி எழுதியிருந்ததை உயர் நீதிமன்றம் கண்டித்தது. 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சொன்னது. பூட்டச் சொல்பவரே, அவள் வளாகத்துக்கு உள்ளேதான் இருந்தாள். இன்னும் எந்தக் கதவைப் பூட்டுவீர்கள்?

ஆபத்து வெளியாளிடமிருந்து மட்டுமா வருகிறது? காதலிக்கிறவனே கன்னத்தில் அறைகிறான், பாஸ்வேர்டைக் கேட்கிறான், ஆணுறை வேண்டாம் என்கிறான். அவள் யாரிடம் போவாள்? அவசரக் கருத்தடை மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். மருத்துவர் சீட்டு இல்லாமலே விற்கலாம் என்கிறது நாட்டின் சட்டம். நம் ஊர் மருந்துக் கடைகளில் கேட்டுப் பாருங்கள், எத்தனை இடத்தில் கிடைக்கிறதென்று! எனக்குத் தெரிந்த ஒரு மாணவி கடை கடையாக ஏறி இறங்கினாள். “கல்யாணம் ஆயிடுச்சாம்மா?” என்றார் ஒரு கடைக்காரர். தலை குனிந்து திரும்பிவிட்டாள். ஆணுறை கேட்கும் பையனிடம் இந்தக் கேள்வியை எவராவது கேட்டதுண்டா?

மாத்திரை கிடைக்காமல் கருவுற்றால்? 18 வயது நிறைந்தவளின் கருக்கலைப்புக்கு அவள் சம்மதம் போதும். கருக்கலைப்பு உரிமையில் மணமானவள், மணமாகாதவள் என்ற பேதம் கூடாதென்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29-இல் சொல்லிவிட்டது. ஆனாலும் மருத்துவமனைகளில் “அம்மாவைக் கூட்டிட்டு வா” என்கிறார்கள். அம்மாவிடம் சொல்ல முடிந்திருந்தால் எவனும் அவளை மிரட்டியே இருக்க முடியாதே! போலி மருத்துவனிடம் அவளைத் தள்ளுவது நாம்தான்.

பெற்றோர்களே, இன்றிரவே மகளிடம் சொல்லுங்கள்: “யாரைக் காதலித்தாலும், எந்தப் படம் எவனிடம் இருந்தாலும், முதலில் எங்களிடம் வா.” எங்களிடம் வரத் தயங்கினால் மகளிர் உதவி எண் 181-ஐ அழை என்றும் சொல்லுங்கள். மகனையும் உட்காரவைத்து, அவன் போனில் எந்தப் பெண்ணின் படம் இருக்கிறது, எதற்காக இருக்கிறது என்று கேளுங்கள்.