தறிக்குழியும் சிமிண்டு முற்றமும்

(ஆரணிப் பட்டு நெசவாள அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



ஐப்பசி பிறந்தால் கமண்டல நாக நதியில் நீர் வருமா என்று ஊரார் எதிர்பார்ப்பது இயல்பு. குழித்தறி நெசவாளிக்கோ அதே மழையினால் வேறொரு கவலை உண்டு. அவன் காலை இறக்கி மிதிக்கும் குழியில் ஜலம் ஊறுமானால் தறி நின்றுவிடும். மிதிக்கட்டையும் கயிறும் நனையும். பாவு பிசுபிசுத்து இழைகள் அறும். வெள்ளிச் சரிகை கறுக்கும். புடவைக்கு இவ்வளவு என்று கூலி பெறுகிறவனுக்குத் தறி நின்ற நாள் கூலியற்ற நாளேயாகும்.

இந்த நீர் பல வீடுகளில் முற்றத்திலிருந்தே வருகிறது. மண் முற்றம் மழையில் ஒரு பங்கைக் குடித்துவிடும். காங்கிரீட் தளமோ பெய்ததையெல்லாம் அப்படியே தள்ளிவிடும். 12 அடி நீளமும் 10 அடி அகலமும் உள்ள தளத்தில் 1 அங்குல மழை பெய்தால் 10 கன அடி, அதாவது ஏறக்குறைய 280 லிட்டர் ஜலம் சேரும். கூரைத் தண்ணீரும் அங்கேயே இறங்கினால் கேட்பானேன்! வழியற்ற நீர் சுவரோரம் தங்கி, அஸ்திவாரத்தின் வழியே குழியைத் தேடிச் செல்லும்.

இதற்காகத் தளம் முழுவதையும் உடைக்க வேண்டுவதில்லை. நாலு குடம் தண்ணீரைக் கொட்டி, அது தங்கும் இடத்தைக் கரியால் கோடிட்டுக்கொள்க. அக்கோட்டின்மேல், சுவரை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி, 8 அங்குல அகலத்தில் ஜலதாரை வெட்டவேண்டும். முதலில் இரு ஓரங்களையும் வெட்டிய பின்னரே நடுவை உடைக்கலாம். நடுவில் முதலில் சம்மட்டி விழுந்தால் நல்ல தளமும் வெடிக்கும். இயந்திரத்தால் வெட்டினால் தண்ணீர் விட்டுக்கொண்டே வெட்டுக. அந்தத் தூசி மார்புக்குக் கேடு, தறியிலுள்ள பட்டுக்கும் கேடு.

வாட்டம் 10 அடிக்கு 2 அங்குலம் இருக்கட்டும். கண்ணளவே போதும் என்னும் கொத்தனாரிடம் ரசமட்டத்தைக் கொடுப்பது நலம். பழைய தளத்தின் வெட்டுவாயைக் கொத்திச் சொரசொரப்பாக்கிச் சிமிண்டுப் பால் தடவி, 1 பங்கு சிமிண்டுக்கு 3 பங்கு மணல் சேர்த்துப் பூசி, 7 நாள் ஈரம் காயாமல் காக்கவேண்டும். அந்த இணைப்பு விரிந்தால் ஜலதாரையே குழிக்கு வழிகாட்டியாகிவிடும். மேலே துளையிட்ட மூடியும், கோடியில் வண்டல் தங்கச் சிறு தொட்டியும் வேண்டும்.

நீர் போய்ச் சேரும் இடத்தை வெட்டுமுன்பே நிச்சயிப்பது அவசியம். தெருச் சாக்கடை தாழ்ந்திருந்தால் அதுவே போதும். இன்றேல் சுவருக்கு 10 அடியும் கிணற்றுக்கு 50 அடியும் தள்ளி, உடைசெங்கல் நிரப்பிய உறிஞ்சு குழி தோண்டலாம். களிமண் பூமியில் அது பயன்படாது. சாயத் தண்ணீரையும், பட்டின் பசை நீக்கிய சோப்புத் தண்ணீரையும் அதில் ஒருபோதும் விடலாகாது.

பொதுச்சுவர் உள்ள வீடுகளில் ஒருவர் வெளியேற்றும் ஜலம் அடுத்தவர் குழியில் இறங்கக்கூடும். ஆகையால் ஒரு வரிசையார் கூடி, ஒரே மட்டம் பார்த்து, ஒரே கொத்தனாரை அமர்த்துவதே சிக்கனம். ஆவணியில் தொடங்கினால் ஐப்பசிக்கு முன் பூச்சு இறுகிவிடும்.