உந்துருளியின் புகைக்குழல்



தமிழாசிரியனுக்கும் உந்துருளிக்கும் என்ன தொடர்பு என்று சிலர் முகத்தில் வினா எழக் காண்கிறேன். இருபத்தைந்து ஆண்டுகளாக அதன்மேல் ஏறித்தான் பள்ளிக்குச் செல்கின்றேன். பட்டறையோ எட்டுக் கல் தொலைவு. தொடர்புக்கு அதுவே போதும்.

பட்டறையில் 'சைலன்சர்' என வழங்குவதை நாம் ஒலியடக்கி என்போம். பொறியின் தலையினின்று வளைந்து இறங்குவது புகைக்குழல். பின்னே பருத்து நீள்வது ஒலியடக்கி. சிறு வண்டிகள் பலவற்றில் இரண்டும் ஒன்றாய்ப் பற்றவைக்கப்பட்டே வருகின்றன.

இது மழையால் மட்டும் துருப்பிடிப்பதன்று. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாய்ப் பிறக்கின்றது. நெடுந்தொலைவு ஓடும் வண்டியில் குழல் நன்கு காய்ந்து அந்நீர் வெளியேறிவிடும். கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடும் வண்டியில் அது உள்ளேயே தங்கி, தாழ்ந்த இடத்தை அரித்துவிடும். ஆகலின்தான் ஒலியடக்கிகள் சிலவற்றின் அடியில் சிறு துளை விட்டுள்ளனர். அதை ஓட்டை எனக் கருதி ஈயம் வைத்து அடைத்த அறிவாளிகளையும் கண்டிருக்கின்றேன்!

இனி, கழற்றும் முறை. பொறி முற்றும் ஆறியிருத்தல் வேண்டும். குழலின் வாய், பொறித்தலையில் பொதுவாக இரண்டு முளைகளில், 'நட்டு' எனப்படும் திருகுமரைகளால் பிணிக்கப்பட்டிருக்கும். எல்லா இடரும் இங்கேதான். பொறித்தலை அலுமினியம், முளையோ எஃகு. ஆண்டுக்கணக்கில் வெந்து இறுகிய மரையை முரட்டுத்தனமாய்த் திருகினால் முளை முறியும். முறிந்ததை எடுக்கத் தலையையே கழற்றித் துளையிட நேரும். புதிய ஒலியடக்கியின் விலையைக் கூலி விழுங்கிவிடும். எனவே முதல்நாள் மாலையே துருநீக்கும் எண்ணெயை இட்டு இரவெல்லாம் ஊறவிடுக. காலையில், மரையின் முனைகள் மழுங்காவண்ணம் வளையத் திருகியால், அதாவது 'ரிங் ஸ்பேனரால்', சிறிது தளர்த்துக, சிறிது இறுக்குக, மீண்டும் தளர்த்துக. பொறுமையே இங்குக் கருவி. முன்மரைகள் வந்தபின்னரே பின்புறத் திருகாணியைக் கழற்றுக; அதுவரை அது சுமையைத் தாங்கும்.

2020 ஏப்பிரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.-6 வண்டிகள் பலவற்றில் குழலிலேயே உயிர்வளி உணரி திருகப்பட்டிருக்கும். அதன் மின்கம்பி இணைப்பை முதலில் பிரித்துக்கொள்க.

பழைய அடைப்பு வளையம், பட்டறையார் 'பேக்கிங்' என்பது, பொறியின் வாயிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதை எடுக்காமல் புதியதை மேலே வைத்தால் புகை கசியும். பொருத்தும்போது எல்லாவற்றையும் முதலில் தளர்வாய்க் கோத்துத் தொங்கவிடுக. பிறகு முன்மரை இரண்டையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாய் இறுக்குக, பின்புறம் இறுதியில். பின்புறத்தை முதலில் இறுக்கினால் குழல் கோணி, முளை ஓயாமல் இழுபடும்.

மலிவென்று கிடைத்த குழலை மாட்டலாமா என ஒரு மாணவன் வினவினான். இருவீச்சுப் பொறிக்கு அது அறவே ஆகாது. 1985 முதல் 1996 வரை இங்குச் செய்யப்பட்ட யமாகா ஆர்.எக்சு. 100 வண்டியை எண்ணுக. அதன் குழல் விரிந்து பின் குறுகுவது அழகுக்காக அன்று. குறுகிய பகுதியில் மோதித் திரும்பும் அழுத்த அலை, எரியாமல் நழுவும் கலவையை மீண்டும் பொறிக்குள் தள்ளுகின்றது. அளவு பிறழ்ந்தால் ஆற்றலும் பிறழும்.

ஒலியடக்கியின் உட்தடுப்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மகப்பேற்று மனை வாயிலில் உறுமிச் செல்லும் இளைஞரைப் பற்றி என்ன சொல்ல? அது மறம் அன்று. பிறர் உறக்கத்தைத் திருடுதல். 1988ஆம் ஆண்டு மோட்டார் வண்டிச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டபின், ஒலி வரம்பை மீறுவோர்க்கு முதன்முறையே மூன்று திங்கள் வரை சிறையோ பத்தாயிரம் உருபா வரை தண்டமோ இரண்டுமோ உண்டு. ஓட்டுரிமமும் மூன்று திங்கள் பறிபோகும்.

பொருத்தி முடிந்ததும் குழல்மேல் படிந்த எண்ணெய்க் கையைத் துடைத்துவிடுக. இல்லையேல் அக்கறை வெந்து நிலைத்துவிடும். பொறியை வெட்டவெளியில்தான் இயக்குக. கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவளிக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை; பூட்டிய அறையில் அது ஆளைக் கொல்லும். இணைப்பில் 'சட்சட்' என ஒலி எழுந்தாலோ, கரி படிந்தாலோ கசிவு உளதென்று அறிக. முதல் ஓட்டத்துக்குப் பின் வளையம் வெப்பத்தில் படிந்து மரைகள் சற்றே தளர்ந்திருக்கும். மறுநாள் காலை, பொறி குளிர்ந்திருக்கையில், அவற்றை மீண்டும் ஒருமுறை இறுக்குக.