அக்கரைப் பணமும் அகத்து நிலமும்

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களில் மழையை நம்பிய மானாவாரிக் காடுகளே மிகுதி. ஆதலின் நம் வாலிபர்கள் சிங்கப்பூருக்கும் அரபு நாடுகளுக்கும் பிழைப்புக்குச் செல்வது வழக்கமாய்விட்டது. 2015ஆம் வருஷத்துக் குடிபெயர்வுக் கணக்கின்படி தமிழ்நாட்டினின்று அயல்நாடு சென்றிருந்தோர் சுமார் 22 லட்சம் பேராவர்.

அவர்கள் அனுப்பும் பொருள் செல்லும் வழியை யாவரும் அறிவோம். முதலில் ஏஜெண்டுக்குக் கட்டிய கடனும் வட்டியும். பின்பு மெத்தை வீடு, நகை, கலியாணம், காதுகுத்து. இவற்றை நாம் ஏளனஞ் செய்யவில்லை. ஒழுகும் கூரையின்கீழ் வளர்ந்தவன் மெத்தை வீட்டை விரும்புவது குற்றமாகுமா? ஆயினும், மாடிமேல் மாடி எழுப்பி ஆளின்றிப் பூட்டி வைப்பதனால் யாது பயன்? ஐம்பது வயதில் அவன் திரும்பி வருங்கால் பெர்மிட்டும் இராது, சம்பளமும் இராது. மிச்சத்தைப் பாங்கியிலிடுவோர் புத்திசாலிகளே. எனினும் பாங்கி அதனை நம் ஊரிலேயே கடன் கொடுக்கவேண்டும் என்னும் நிர்ப்பந்தமில்லை.

நமது சின்ன வெங்காயத்தையே பாருங்கள். அறுவடையில் எல்லோரும் ஒருங்கே விற்க, விலை விழுகிறது. பட்டறை போட்டுக் காத்திருக்க வல்லவன் சில மாதம் பொறுத்து விற்கிறான். இருவருக்கும் உள்ள பேதம் கைமுதல் ஒன்றே. அக்கைமுதல் கடல் கடந்து மாதந்தோறும் வருகிறது. பட்டறைக்குத்தான் வந்து சேரவில்லை! அழுகலும் உண்டு, விலை ஏறாத வருஷமும் உண்டு. ஆகையால் ஒருவன் பெருந்தொகை போடலாகாது. பலர் சிறுகச் சிறுகப் போடல் வேண்டும். ஜெயங்கொண்டம், செந்துறைப் பக்கத்து முந்திரிக்கும் இது பொருந்தும்.

இது ஆகாத காரியமன்று. 1999இல் திறக்கப்பட்ட கொச்சி விமான நிலையத்தின் மூலதனத்தில் சுமார் 30 தேசங்களில் வாழ்ந்த ஏறக்குறைய 10,000 பேரின் பங்கு உண்டு. நமக்கு அவ்வளவு பெரிய யத்தனம் வேண்டுவதில்லை. கம்பெனிச் சட்டத்தின்படி பத்து உழவர் கூடினால் உற்பத்தியாளர் கம்பெனி பதிவு செய்யலாம். பங்காளிகள் உற்பத்தியாளராதல் வேண்டுமாதலின், அக்கரையிலுள்ளவன் அனுப்பும் பணத்தால் ஊரில் பயிரிடும் மனைவியோ தகப்பனோ பங்கு வாங்கலாம். மனைவி பெயரில் வாங்குவதே நலம் என்பது நம் துணிபு. பாங்கியில் காத்து நின்று பணமெடுப்பவள் அவள். கடன்காரனுக்கு விடை கூறுபவளும் அவளே. செலவைத் தீர்மானிக்க மாத்திரம் மாமனாரும் மைத்துனரும் வருவர்!

கணக்கில்லாச் சீட்டுகளில் பொருளிழந்த குடும்பங்கள் நம்மிடையே பல. ஆகவே வருஷாந்தரக் கணக்கை வெளி ஆடிட்டர் பார்வையிட்டு, அக்கரையிலுள்ளோர்க்கும் பிரதி அனுப்ப வேண்டும். சங்க நிர்வாகிகளின் உறவினர்க்குக் கணக்கர் பதவி கூடாது. இது சிலருக்குக் கசக்கலாம். இன்னொன்று: பட்டறை நம்மவர்க்கே என வேலி கட்டினால் சரக்குப் போதாது, பக்கத்துக் காட்டுக்காரர் எக்குலத்தவராயினும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

முதற் பட்டறையைச் செட்டிகுளம் பக்கத்தில் போடலாமென்பது நம் எண்ணம். விருப்பமுடைய சகோதரிகள் தங்கள் பெயரை இன்றே காரியதரிசியிடம் எழுதி வைப்பாராக.