சங்கம் என்னும் ஒரு சொல்

(மன்றத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



'ஆட்குறைப்பும் தொழிற்சங்கமும்' என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. கவியரங்கமும் நூல் வெளியீடும் நிகழும் மேடையில் இத்தலைப்பு எதற்கு என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். புலவர்கள் கூடியிருந்து தமிழாய்ந்த அவைக்கும் சங்கம் என்றே பெயர்; தொழிலாளர்கள் கூடித் தம் உரிமை பேசும் அமைப்புக்கும் சங்கம் என்றே பெயர். ஆங்கிலத்தில் இவற்றுக்கு இருவேறு சொற்கள் உண்டு. தமிழோ இரண்டையும் ஒரே சொல்லால் வழங்குகிறது. அப்படியானால் முதற் சங்கத்தார்க்கும் இரண்டாம் சங்கத்தார்க்கும் உள்ள உறவு என்ன? இதுவே என் உரையின் வினா.

இவ்வினாவுக்கு விடை தேடத் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. பொருநையின் கரையிலேயே அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் நூற்பாலை அமைத்தார்கள். தாமிரபரணி மலையிலிருந்து இறங்கும் விசையே அவ்வாலையின் எந்திரங்களைச் சுழற்றியது. அதே நிறுவனத்தார் நடத்திய கோரல் ஆலை தூத்துக்குடியில் இருந்தது. 1908 பிப்ரவரி 27ஆம் நாள் அந்தக் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஊதிய உயர்வு, வேலைநேரக் குறைப்பு, வார விடுமுறை ஆகியவையே அவர்கள் கேட்டவை. அவர்களுக்குத் துணைநின்றவர்கள் வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும். ஊரார் நிதி திரட்டி உதவினார்கள். பத்து நாள்களுக்குள் நிர்வாகம் இணங்கி வந்தது.

இந்நிகழ்ச்சியில் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியவை இரண்டு. முதலாவது, அன்று தொழிற்சங்கச் சட்டம் இல்லை. அது 1926இல்தான் வந்தது. சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியதும் 1918இல்தான். ஆக, பதிவு எண்ணும் முத்திரையும் வருவதற்கு முன்பே சங்கம் என்னும் உணர்வு இவ்வட்டாரத்தில் செயற்பட்டிருக்கிறது. இரண்டாவது, அப்போராட்டத்தின் முன்னணியில் நின்ற வ.உ.சி. ஒரு தமிழறிஞர். தொல்காப்பிய இளம்பூரணத்தைப் பதிப்பித்தவரும் திருக்குறளுக்கு உரை வகுத்தவரும் அவரே. ஏட்டையும் ஆலை வாயிலையும் அவர் இரு வேறு உலகங்களாகப் பிரித்துப் பார்க்கவில்லை. மார்ச்சு 12இல் அவர் கைதானார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர். தம் ஊதியக் கோரிக்கை நிறைவேறிய பின்னரும் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் அவருக்காக மீண்டும் வேலையை நிறுத்தினார்கள். பெற்ற உதவியைத் தொழிலாளி மறக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அன்று போராட்டம் கூலி உயர்வுக்கு. இன்று பெரும்பாலும் வேலை போகாதிருப்பதற்கு. அதுவும் இயலாதபோது, போகும் வேலைக்கு உரிய ஈட்டைப் பெறுவதற்கு. 2021 செப்டம்பரில் ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. சென்னையை அடுத்த மறைமலை நகர் ஆலையின் தொழிலாளர்கள் 2022இல் நியாயமான இழப்பீடு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். அவ்வாண்டு ஜூலையில் அங்கிருந்து கடைசி வண்டி வெளிவந்தது. அவர்களுக்கேனும் எதிரில் அமர்ந்து பேச ஒரு சங்கம் இருந்தது. பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்து தரும் சிற்றாலைகளில் ஒப்பந்தக் கூலிகளாக வேலை செய்வோர்க்கு இத்தகைய பேச்சுவார்த்தைகளில் பெரும்பாலும் இடமிருப்பதில்லை.

இனி நம் மலைக்கு வருவோம். 1929இல் சிங்கம்பட்டி சமீன், தன் காட்டில் ஏறத்தாழ 8,374 ஏக்கரைப் பம்பாய் பர்மா வணிகக் கழகத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்னும் தோட்டங்கள் எழுந்தன. காட்டைத் திருத்தித் தேயிலை நட்டவர்கள் சமவெளியிலிருந்து ஏறிச் சென்ற ஏழை மக்கள். அவர்களுள் தாழ்த்தப்பட்டோர் மிகுதி. குத்தகை முடியும் ஆண்டு 2028. 2024இலேயே நிறுவனம் விருப்ப ஓய்வுத் திட்டத்தை அறிவித்தது. ஐநூறுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலையை விட்டு இறங்க வேண்டிய நிலை வந்தது. தோட்டத்தை அரசின் தேயிலைத் தோட்டக் கழகம் ஏற்று நடத்த வேண்டும் என்று தொழிலாளர் தரப்பு வழக்காடியது. உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அவ்வாண்டு டிசம்பரில் அக்கோரிக்கையை ஏற்கவில்லை.

தமிழாசிரியை என்ற முறையில் இங்கே ஒரு சொல்லை உங்கள் முன் வைக்கிறேன். 'விருப்ப ஓய்வு' என்கிறோம். விருப்பம் என்றால் மறுப்பதற்கும் இடமிருக்க வேண்டும். கையொப்பமிட மறுத்தால் தோட்டமே மூடப்படும் என்னும் நிலையில் அங்கே விருப்பம் எங்கே இருக்கிறது? ஓய்வு என்றால் உழைத்துக் களைத்தவர் தம் வீட்டில் இளைப்பாறுவது. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி குடியிருப்பு தருவது நிர்வாகத்தின் கடமையாக இருந்தது. கடமையாகத் தரப்பட்ட அந்த வீடே வேலையோடு கட்டப்பட்ட வீடாகவும் ஆயிற்று. வேலை போகும் நாளில் வீடும் போகிறது. வீடு போனால் பிள்ளையின் பள்ளியும் அண்டை அயலும் முன்னோரைப் புதைத்த இடமும் போகின்றன. இதனை ஓய்வு என்று எந்த அகராதி கூறும்? 'ஆட்குறைப்பு' என்ற சொல்லும் அப்படியே. குறைவது ஆள் அல்லவே. அவர் எங்கும் மறைந்துவிடுவதில்லை. மறுநாட் காலையும் அவர் பசியோடு எழுகிறார்.

காட்டின் பக்கத்திலும் நியாயம் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. தோட்டங்கள் இருக்கும் மலை, 1988இல் அமைந்த களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தைச் சார்ந்தது; பொருநையின் நீர்வளம் அம்மலையில்தான் பிறக்கிறது. காடு மீள வேண்டும் என்போர் நமக்குப் பகைவர் அல்லர். ஆனால் அந்தக் காட்டுநீரால் நெல் விளைவிப்போர் நாம்; குடிப்போர் நாம்; ஆலை நடத்துவோரும் நாம். காடு மீள்வதன் பயன் சமவெளி முழுவதற்கும் என்றால், அதன் விலையைக் கொழுந்து பறித்த கைகள் மட்டுமே செலுத்துவது என்ன நீதி? மறுவாழ்வு என்பது இரக்கத்தால் இடும் பிச்சையன்று. நாம் அவர்களுக்குத் தீர்க்க வேண்டிய கடன்.

அக்கடனின் பழைய கணக்கு ஒன்றும் இருக்கிறது. 1999 ஜூலை 23இல் மாஞ்சோலைத் தொழிலாளர்களின் கோரிக்கைகளுக்காகவும், சிறையிலிருந்த தொழிலாளர்களின் விடுதலைக்காகவும் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் பேரணி வந்தது. காவல்துறை தடியடி நடத்தியது. தப்ப வழியின்றி மக்கள் தாமிரபரணியில் இறங்கினார்கள். பெண்களும் ஒரு குழந்தையும் உட்படப் பதினேழு பேர் மாண்டார்கள். நாம் பாட்டில் 'தாய்' என்று அழைக்கும் ஆறு அது. அந்த நாளுக்குப் பின்னர் அச்சொல்லை எழுதும் கவிஞர், எழுதுமுன் ஒரு கணம் நிற்பது நல்லது.

இந்நிலையில் தொழிற்சங்கத்தின் பணி யாது? கொடி பிடிப்பதும் முழக்கமிடுவதும் வெளியில் தெரியும் பணிகள். வெளியில் தெரியாத பணி, தனியாள் தனியாளாக இல்லாமற் காப்பது. ஆங்கிலத்தில் எழுதிய தாளொன்றை நீட்டிக் கையொப்பமிடச் சொல்லும்போது, அதைப் படித்துப் பொருள் சொல்ல ஒருவர் வேண்டும். முப்பதாண்டு உழைப்புக்குப் பணிக்கொடை எவ்வளவு, சேமநிதி எவ்வளவு, ஈட்டுத்தொகை எவ்வளவு என்று கணக்கிட ஒருவர் வேண்டும். கண்ணகி அரசன் அவையில் சிலம்பைச் சான்றாகக் கொண்டு தனியே நின்றாள். நீதி வந்தது, ஆனால் காலங்கடந்து வந்தது. காலத்தோடு நீதி கேட்கவும், கேட்பவர் தனித்து நிற்காமலிருக்கவும் ஏற்பட்டதே சங்கம்.

சட்டமும் அதற்கு ஒரு கருவி. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம், ஆட்குறைப்புக்கு முன்னறிவிப்பையும், பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் ஊதியத்தையும் வரையறுத்தது. பெரிய ஆலைகளும் தோட்டங்களும் ஆட்குறைக்க அரசின் முன் அனுமதி பெற வேண்டும் என்று 1976இல் திருத்தம் வந்தது. முந்நூறு பேர் என்றிருந்த வரம்பு பின்னர் நூறாகக் குறைந்தது; மேலும் பலருக்குக் காப்புக் கிடைத்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத்தொகுப்பு அவ்வரம்பை மீண்டும் முந்நூறாக உயர்த்திவிட்டது. இருநூற்றைம்பது பேர் வேலை செய்யும் ஆலையில் இனி அந்த அனுமதிக்குத் தேவையில்லை. சட்டத்தின் நிழல் சுருங்கும்போது சங்கத்தின் நிழல் விரிய வேண்டும்.

விரிந்திருக்கிறதா? இங்கே சங்கங்களிடமும் நாம் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். ஓர் ஆலைக்குள் கட்சிக்கு ஒரு சங்கம் என்று பிரிந்து நின்றால் நிர்வாகத்துக்கு வேறு துணை எதற்கு? நிரந்தரத் தொழிலாளர் சங்கம் ஒப்பந்தத் தொழிலாளியைத் தன் உறுப்பினராக்கத் தயங்கலாமா? தோட்டங்களில் கொழுந்து பறிப்போர் பெரும்பாலும் பெண்கள். பேச்சுவார்த்தை மேசையிலோ ஆண்கள். 2015இல் மூணாறு மலையில் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் இதனைப் பொறாமல் எழுந்தார்கள். இருந்த சங்கங்களை ஒதுக்கிவைத்து, 'பெம்பிளை ஒருமை' என்று தமக்குத் தாமே பெயரிட்டு, இருபது விழுக்காடு ஊக்கத்தொகை கேட்டுச் சாலையில் அமர்ந்தார்கள். அவர்கள் மறுத்தது சங்கத்தையன்று. தம் குரல் புகாத சங்கத்தை. நம் அம்பாசமுத்திரம், முக்கூடல் பகுதிகளில் வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றும் பெண்களுக்கோ ஆலை வாயிலே இல்லை. அவர்களுக்குச் சங்கம் வாயில் வாயிலாகச் செல்ல வேண்டும்.

கவிஞர் பெருமக்களே, சங்கங்களிடம் கேட்ட கேள்வியை நம்மிடமும் கேட்டுக்கொள்வோம். நம் மண்ணின் எழுத்தாளர்கள் இத்துறையில் வாளா இருந்தவர்கள் அல்லர். தொ.மு.சி.ரகுநாதன் 1953இல் 'பஞ்சும் பசியும்' எழுதிக் கைத்தறி நெசவாளரின் பட்டினியை நாவலாக்கினார். நெல்லைச் சீமையில் பிறந்த டி.செல்வராஜ், திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளர் சங்கமாகத் திரண்ட வரலாற்றைத் 'தோல்' நாவலில் வடித்தார்; 2012இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. உரைநடை இவ்வளவு செய்திருக்கக் கவிதை என்ன செய்திருக்கிறது? இறந்தவர்க்கு இரங்கற்பா பாடுவதில் நாம் வல்லவர்கள். வேலை போகப்போகிறது என்ற அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும் நாளில் நம் பேனா எங்கே இருக்கிறது? பதினேழு பேரையும் ஆறு கொண்டபின் எழுதிய பாட்டு, அவர்கள் மலையில் கூலி கேட்டு நின்றபோது எழுதப்பட்டிருந்தால் எத்துணை நன்றாக இருந்திருக்கும்!

ஆகவே இம்மன்றத்தின் அடுத்த பத்தாண்டுக்கு இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். மாஞ்சோலையிலிருந்து இறங்கிய குடும்பங்கள் இன்று வெவ்வேறு ஊர்களில் சிதறி வாழ்கின்றன. கொழுந்து, கவாத்து, கங்காணி, லைன் வீடு என்று அவர்கள் வழங்கிய சொற்களும், அச்சொற்களோடு கூடிய நினைவுகளும் ஒரு தலைமுறையில் அழிந்துவிடும். அவற்றை அவர்கள் வாய்மொழியாகவே கேட்டுத் தொகுப்பது முதல் வேண்டுகோள். மாதம் ஒரு நாள், எழுதப் படிக்கத் தெரிந்த நாம் சங்க அலுவலகத்தில் அமர்ந்து தொழிலாளர்க்கு மனு எழுதிக் கொடுப்பதும், வந்த கடிதத்துக்குப் பொருள் சொல்வதும் இரண்டாவது. இதனால் நம் கவிதை குறைந்துவிடாது. ஒரு மனுவில் பொய்ச்சொல் ஒன்றும் இருத்தல் ஆகாது. தேவையற்ற சொல்லும் ஆகாது. அப்பயிற்சி கவிதைக்கும் வேண்டியதே.

தமிழ் நமக்கு ஒரே சொல்லைத் தந்திருக்கிறது. அச்சொல்லின் இரு பொருளும் ஒரே கூரையின்கீழ் அமரும் நாளை இம்மன்றம் உண்டாக்கட்டும்.