காலுக்கு வந்த காசில் வக்கீலுக்கு எவ்வளவு?



அரியலூரிலிருந்து கல்லங்குறிச்சி போகிற சாலை உங்களில் பலருக்குப் பழக்கமானதுதான். கலியுக வரதராசப் பெருமாள் கோயிலுக்குப் போகிற கூட்டமும் அதில்தான் போகிறது, சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரியும் அதில்தான் போகிறது. அரசு சிமென்ட் ஆலை, கோவிந்தபுரம், ரெட்டிப்பாளையம், கீழப்பழுவூர், தளவாய் என்று மாவட்டம் முழுக்க ஆலைகள். கல் ஏற்றி வருகிற வண்டிகளும் சிமென்ட் ஏற்றிப் போகிற வண்டிகளும் இரவு பகலாக ஓடுகின்றன. அதே சாலையில்தான் பால் கேனைக் கட்டிக்கொண்டு ஒருவர் டூவீலரில் வருகிறார், அதே சாலையில்தான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். அடிபடுகிறவர்களில் உயிர் போனவர்களைப் பற்றி மறுநாள் செய்தித்தாளில் நாலு வரி வருகிறது. உயிர் பிழைத்துக் காலோ கையோ போனவர்களைப் பற்றி எதுவும் வருவதில்லை. அவர்களுக்கு நீதிமன்றம் கொடுக்கிற இழப்பீட்டைப் பற்றியும், அதில் வக்கீலுக்குப் போகிற தொகையைப் பற்றியும்தான் இன்று பேசப் போகிறேன்.

விபத்தில் ஊனமடைந்தவர் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆவது பிரிவின்படி தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். கோர்ட்டுப் பக்கம் இதை எம்.சி.ஓ.பி. என்று சொல்வார்கள். விபத்து சென்னையில் நடந்திருந்தாலும் கல்லங்குறிச்சிக்காரர் அரியலூரிலேயே மனுப் போடலாம், குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்துக்கு அந்த அதிகாரம் உண்டு. எஃப்.ஐ.ஆர்., காயச் சான்றிதழ், மருத்துவமனை பில்கள், மெடிக்கல் போர்டு கொடுக்கிற ஊனச் சான்று, சம்பளத்துக்கு ஏதாவது ஒரு ஆதாரம் ஆகியவை வேண்டும்.

ஊனச் சான்றில் 40 சதவீதம் என்று எழுதியிருந்தால் இழப்பும் 40 சதவீதம்தான் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் என்ற வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. இடது கையை வெட்டி எடுத்துவிட்டார்கள் என்றால் உடலளவில் ஊனம் சுமார் 60 சதவீதம் இருக்கலாம். ஆனால் கை போனவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால் பிழைப்பு ஏறக்குறைய முழுதும் போய்விட்டது. அவரே அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தால் வேலை நிலைத்துவிடலாம். ஆகவே ஆளுக்கு ஆள், தொழிலுக்குத் தொழில் பார்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

இதை நிரூபிப்பதுதான் வக்கீலின் உண்மையான வேலை. டாக்டரைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டும், தொழில் என்ன என்பதை நிலைநாட்ட வேண்டும், இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீலின் குறுக்கு விசாரணைக்கு ஈடுகொடுக்க வேண்டும். இதைச் சரியாகச் செய்கிற வக்கீல் ஒரு குடும்பத்தின் அடுத்த முப்பது வருடத்தைக் காப்பாற்றுகிறார். அவருக்கு நல்ல கூலி கிடைக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தக் கூலியை எப்படிக் கணக்கிடுவது, யார் கணக்கிடுவது என்பதுதான் என் கேள்வி.

ஒரு கணக்கைப் பார்ப்போம். கால் போன 34 வயதுக்காரர், லாரி டிரைவர், மாதச் சம்பளம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு 40 வயதுக்குள்தான் என்பதால் எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் கூட்டினால் 21,000. வருடத்துக்கு 2,52,000. சரளா வர்மா வழக்கின் 2009-ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி அந்த வயதுக்குப் பெருக்கு எண் 16. சம்பாதிக்கும் திறனில் 60 சதவீதம் போய்விட்டது என்று தீர்ப்பாயம் முடிவு செய்தால், அந்த ஒரு தலைப்பில் மட்டும் 24,19,200 ரூபாய் வரும். இதில் வக்கீல் பீஸ் 20 சதவீதம் என்று முன்பே வாய்ப்பேச்சில் முடிந்திருந்தால் 4,83,840 ரூபாய் போய்விடும். அது அவர் கால் நன்றாக இருந்தபோது வாங்கிய 32 மாதச் சம்பளம்.

இழப்பீடு என்பது ஒரே மொத்தமாக வருகிற பணமாகத் தெரிந்தாலும், உள்ளே தலைப்புத் தலைப்பாக எழுதியிருக்கும். மருத்துவச் செலவு ஒன்று. அது நகையை அடகு வைத்து ஏற்கெனவே கட்டிய பணம், திரும்பி வருகிறது, அவ்வளவுதான். கூட இருந்து பார்த்துக்கொண்டவருக்கான செலவு ஒன்று. செயற்கைக் காலுக்கான செலவு ஒன்று. செயற்கைக் கால் ஆயுசுக்கும் வராது, சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். மொத்தத்தில் சதவீதம் பிடிக்கும்போது இந்த எல்லாத் தலைப்பிலும் கை வைத்ததாக ஆகிவிடுகிறது. அடகு மீட்க வந்த காசிலும் பங்கு, அடுத்த செயற்கைக் காலுக்கு வைத்த காசிலும் பங்கு. மனுத் தேதியிலிருந்து வட்டியும் கணக்காகிறது அல்லவா? வழக்கு ஆறு வருடம் இழுத்தால் வட்டி ஏறும், வட்டி ஏறினால் சதவீதத் தொகையும் ஏறும். தாமதத்தால் நொந்துபோனவர் கட்சிக்காரர், அதே தாமதத்தால் கூடுதல் பணம் பெறுகிறவர் அவருடைய வக்கீல். இதை எப்படி நியாயம் என்று சொல்வது?

கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு விளைச்சலில் ஒரு பங்கை நேர்ந்துகொண்டு கொண்டுபோய்க் கொடுப்பது நம் பக்கத்து வழக்கம். அது விளைந்ததிலிருந்து மனம் ஒப்பிக் கொடுப்பது. இழப்பீடு விளைச்சல் இல்லை, போன காலுக்கு ஈடு.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? இந்திய பார் கவுன்சில் விதிகளில் வக்கீலின் கடமைகளைச் சொல்லும் பகுதியில் 20-ஆவது விதி நேரடியாகவே பேசுகிறது. வழக்கின் முடிவைப் பொறுத்து பீஸ் பேசக் கூடாது, கிடைக்கும் தொகையில் பங்கு கேட்டு ஒப்பந்தம் செய்யக் கூடாது. தரகர் வைத்து வழக்குப் பிடிக்கக் கூடாது என்பது 36-ஆவது விதி. ஆனால் நடைமுறை? அடிபட்டவர் வார்டில் மயக்கம் தெளியாமல் கிடக்கும்போதே யாரோ ஒருவர் வந்து, "அண்ணே, நீங்க இப்ப ஒண்ணும் தர வேண்டாம், கேஸ் முடிஞ்சதும் பாத்துக்கலாம்" என்று சொல்லி வக்காலத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிப் போகிறார் என்று ஊர்தோறும் கேட்கிறோம். எவ்வளவு என்று அப்போது யாரும் சொல்வதில்லை. பணம் வரும்போதுதான் அது தெரிகிறது.

தெலங்கானாவிலிருந்து உச்ச நீதிமன்றம் வரைக்கும் போன ஒரு வழக்கு உண்டு. 1998-இல் கணவரைச் சாலை விபத்தில் இழந்த பெண் ஒருவர் இழப்பீட்டு வழக்கில் வென்றார். 10 லட்சம் ரூபாய் பீஸ் கொடுத்தும் வக்கீல் விடவில்லை, இன்னும் 3 லட்சத்துக்குக் காசோலையில் கையெழுத்து வாங்கிக்கொண்டார் என்பது அந்தப் பெண்ணின் புகார். அந்தக் காசோலை பணமில்லாமல் திரும்பியது. அந்தப் பெண் மீதே காசோலை மோசடி வழக்குப் போடப்பட்டது. 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது. தீர்ப்புத் தொகையில் சதவீதமாக பீஸ் கேட்பது பொதுநலக் கொள்கைக்கு விரோதம், தொழில் ஒழுக்கத்துக்கும் விரோதம் என்று சொன்னது. பீஸை ஒழுங்குபடுத்தச் சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் தன் 131-ஆவது அறிக்கையில் 1988-லேயே பேசியிருந்ததையும் எடுத்துக்காட்டியது. கணவரை இழந்த ஒரு பெண் தன் சொந்த வக்கீலிடமிருந்து தப்பிக்க உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் மனம் பதறுகிறது.

அமெரிக்காவில் வேறு மாதிரி வைத்திருக்கிறார்கள். அங்கே ஊனமுற்றோருக்கான சமூகப் பாதுகாப்பு உதவித்தொகை மறுக்கப்பட்டால் நீதிமன்றம் போகலாம். வென்றால், நிலுவையாக வருகிற தொகையில் அதிகபட்சம் 25 சதவீதம் வரை வக்கீல் கேட்கலாம். அங்கே சதவீதம் சட்டப்படியே உண்டு. ஆனால் ஒப்பந்தம் போட்டாயிற்று என்பதால் மட்டும் அந்தப் பணம் கைக்கு வராது. அந்தத் தொகை நியாயமானதா என்று நீதிபதி பார்த்துத்தான் அனுமதிப்பார். 2002-இல் கிஸ்ப்ரெக்ட் என்ற வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. வக்கீலே தாமதத்துக்குக் காரணமாக இருந்தால் அந்தத் தாமதத்தில் சேர்ந்த நிலுவையால் அவர் லாபமடையக் கூடாது, செலவிட்ட நேரத்துக்குப் பொருந்தாத அளவு பெரிய தொகை வந்தால் குறைக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னது. அரசுத் தரப்பின் நிலைப்பாடு நியாயமற்றது என்று தெரிந்தால் வக்கீல் பீஸை அரசே கொடுக்க 1980 முதல் தனிச் சட்டமும் இருக்கிறது. இரண்டு வழியிலும் பீஸ் வந்தால், சிறிய தொகையை வக்கீல் கட்சிக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

அங்கே இருப்பதையெல்லாம் இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. ஆனால் ஒரு வேறுபாடு கண்ணில் படுகிறது. அவர்கள் சதவீதத்தை அனுமதித்துவிட்டுக் கண்காணிக்கிறார்கள். நாம் சதவீதத்தைத் தடை செய்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறோம். கண்காணிப்பு இல்லாத தடையால் அடிபட்டவருக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

வக்கீல்கள் பக்கத்தையும் பேச வேண்டும். கால் போய் வருமானமும் போனவரால் முன்பணம் கட்ட முடியாது. வழக்கு முடிய ஆண்டுகள் ஆகும். அதுவரை நகல் செலவு, தட்டச்சு, டாக்டரை வரவழைக்கிற செலவு எல்லாவற்றையும் பல வக்கீல்கள் தங்கள் கையிலிருந்தே போடுகிறார்கள். தோற்றால் அதுவும் போச்சு. தீர்ப்பாய உத்தரவின் கடைசியில் வக்கீல் கட்டணம் என்று ஒரு வரி இருக்கும். எதிர்த்தரப்பு கட்ட வேண்டிய அந்தத் தொகை 1973-ஆம் ஆண்டுக் கட்டண விதிகளின் வழியில் நிர்ணயிக்கப்படுகிறது. உண்மையில் செலவாவதற்கும் அதற்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருப்பதில்லை. மீதியைக் கட்சிக்காரரிடம் வாங்காமல் வக்கீல் எப்படிப் பிழைப்பார்?

இதற்கான விடை நம் சேலத்துப் பெயரிலேயே இருக்கிறது. சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம், வென்றவருக்குக் கொடுக்கிற செலவுத்தொகை உண்மையான, நியாயமான செலவாக இருக்க வேண்டும், வக்கீல் பீஸும் போக்குவரத்தும் செலவிட்ட நேரமும் அதில் சேர வேண்டும் என்று சொல்லிவிட்டது. சொல்லி இருபது வருடம் ஆகிறது. கால் போனவரைத் தீர்ப்பாயத்துக்கு இழுத்தடித்த இன்சூரன்ஸ் கம்பெனிதான் அவருடைய வக்கீலுக்கும் நியாயமான கூலியைக் கட்ட வேண்டும். எத்தனை விசாரணை, எத்தனை சாட்சி, எவ்வளவு சிக்கல் என்று பார்த்து நீதிபதி அந்தத் தொகையை நிர்ணயிக்க வேண்டும். மனுப் போடும்போதே பீஸ் ஒப்பந்தத்தை எழுத்தில் தாக்கல் செய்யச் சொல்ல வேண்டும், பணம் விடுவிக்கும் நாளில் அதைச் சரிபார்க்க வேண்டும். இது பெரிய சீர்திருத்தம் இல்லை, ஒரு தாளும் ஒரு கேள்வியும்தான்.

ஒரு பாதை ஏற்கெனவே திறந்திருக்கிறது. இழப்பீட்டை நேராகக் கட்சிக்காரரின் வங்கிக் கணக்கிலேயே செலுத்தும் முறையை சென்னை உயர் நீதிமன்றம் முன்பே வலியுறுத்தியது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் அதை நாடு முழுவதற்கும் சொல்லியிருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் பணத்தை வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும் என்று சூசம்மா தாமஸ் வழக்கில் தொண்ணூறுகளிலேயே வழிகாட்டுதல் வந்துவிட்டது. ஆகவே பாஸ்புக்கும் ஏ.டி.எம். அட்டையும் உங்கள் கையிலேயே இருக்கட்டும். நிரப்பாத காசோலையில் யார் கேட்டாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

வக்காலத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் பீஸ் எவ்வளவு, எந்தெந்தக் கட்டத்தில் எவ்வளவு, செலவு யாருடையது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நேர்மையான வக்கீல் இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்க மாட்டார். வக்கீலை மாற்ற நினைத்தால், பீஸ் பாக்கி என்று சொல்லி வழக்குக் கட்டை வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை, 2000-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவிட்டது. புகார் இருந்தால் சென்னையிலுள்ள தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு எழுதலாம். மனுவை ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்று 2022 ஏப்ரல் முதல் சட்டத்தில் இருக்கிறது. அந்த விதியின் மேல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் போடப்பட்டிருந்தாலும், அதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள்.

வக்கீல் வைக்க வசதியில்லை என்று யாரும் வழக்கை விட்டுவிடவோ தரகரிடம் போகவோ வேண்டாம். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி மாற்றுத்திறனாளிகளுக்கும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. அந்த வக்கீலுக்கான பீஸை ஆணையமே கொடுக்கும், உங்களிடம் ஒரு ரூபாய் கூட அவர் கேட்கக் கூடாது. அரியலூர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக் குழுவை நேரில் அணுகலாம். கட்டணமில்லாத் தொலைபேசி எண் 15100.