பழைய வண்டி வாங்கப் போறீங்களா? புத்தகத்தையும் இரும்பையும் சேர்த்துப் பாருங்க

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் களப்பணிக் குழு சார்பில் ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



முன்பெல்லாம் கடன் விண்ணப்பத்தில் கறவை மாடு, ஆடு, தையல் மெஷின் என்றுதான் எழுதி வரும். இப்போது "செகண்ட் ஹேண்ட் லோடு ஆட்டோ வாங்க", "பழைய குட்டி யானை வாங்க" என்று வருகிறது. நமக்கு இது சந்தோஷம்தான். உழவர் சந்தைக்குக் காய் கொண்டு போக, பால் கேன் இறக்க, மாவு பாக்கெட் கடைக்குக் கொடுக்க, வண்டிக்காரர் வருவாரா என்று விடியற்காலையில் ரோட்டில் நிற்க வேண்டாம். ஆனால் விலை கேட்டால் சில வண்டிகள் மிகவும் சல்லிசாக இருக்கின்றன. எதனால் சல்லிசு என்பதைத்தான் இன்று பேசப் போகிறோம்.

பல வண்டிகள் கம்பெனியில் இருந்து வந்த மாதிரி இல்லை. பட்டறையில் கட்டின வண்டி. ஆள் ஏற்றும் ஆட்டோவை அறுத்து லோடு பாடி வைத்திருப்பார்கள். ஒரு வண்டியின் சேசிஸில் இன்னொரு வண்டியின் இன்ஜின் உட்கார்ந்திருக்கும். கூடுதல் பாரம் ஏற்ற ஸ்பிரிங்கில் ரெண்டு பட்டை அதிகமாகச் சேர்த்திருப்பார்கள். சென்னையில் ஓடும் மீன்பாடி வண்டியைப் பார்த்திருப்பீர்கள், மூன்று சக்கர சைக்கிளில் பழைய ஸ்கூட்டர் இன்ஜின். அந்த மாதிரி வண்டிக்கு ஆர்.சி.யும் கிடையாது, இன்சூரன்ஸும் கிடையாது. இங்கிலாந்து நாட்டில் பாகங்களைத் தொகுப்பாக வாங்கி வீட்டிலேயே கார் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கிட் கார் என்று பெயர். அங்கேயும் அரசாங்கச் சோதனையில் தேறின பிறகுதான் அது ரோட்டில் ஏறும். நம் ஊரில் வெல்டிங் காய்வதற்குள் சந்தைக்குக் கிளம்பிவிடுகிறது!

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு என்ன சொல்கிறது என்றால், பதிவில் இருக்கிற விவரத்துக்கும் கம்பெனி அளவுக்கும் மாறாக வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்திருக்கிறது. இன்ஜின் மாற்றினால் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். கேஸ் கிட் மாட்டியிருந்தால் அதுவும் ஆர்.சி.யில் இருக்கணும். ஆகவே நாம் காசு கொடுத்து வாங்குவது எதிரில் நிற்கிற வண்டியை மட்டும் இல்லை, ஆர்.சி.யில் எழுதியிருக்கிற வண்டியை. ரெண்டும் ஒன்றுதானா என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

எப்படிப் பார்ப்பது? சேசிஸ் நம்பர் இரும்பில் அடித்திருக்கும். ஒரு வெள்ளைத் தாளை அதன் மேல் வைத்து பென்சிலால் தேய்த்தால் அப்படியே பதியும். ஆர்.டி.ஓ. ஆபீசிலும் இதைத்தான் கேட்பார்கள், பென்சில் பிரிண்ட் என்பார்கள். அதை ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பாருங்கள். இன்ஜின் நம்பரையும் அப்படியே. நம்பர் இருக்கிற இடத்தில் மட்டும் புது பெயிண்ட், ராவின தடம், வெல்டிங் புடைப்பு இருந்தால் அந்த வண்டி வேண்டாம். எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். வரி பாக்கி, எஃப்.சி. தேதி, இன்சூரன்ஸ், ஃபைனான்ஸ் இருக்கிறதா என்பதையெல்லாம் எம்பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பர் போட்டுப் பார்க்கலாம். காலேஜ் போகிற பிள்ளை இருந்தால் ரெண்டு நிமிஷ வேலை. வயசான வண்டிக்கு எஃப்.சி. கட்டணமும் கூடுதல், அதையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

இனி இரும்புக்கு வருவோம். காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது போங்கள். நீங்கள் போவதற்குள் ஸ்டார்ட் பண்ணி சூடாக்கி வைத்திருந்தால், திரும்பி வந்து வேறொரு நாள் போங்கள். நீலப் புகை விடாமல் வந்தால் ஆயில் எரிகிறது, பெரிய செலவு. துணி சுற்றின காந்தத்தை பாடி மேல் ஓட்டுங்கள். ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை, பட்டி பூசியிருக்கிறார்கள். பிறகு ஒருவரை ஓட்டச் சொல்லி, நீங்கள் பின்னால் நின்று பாருங்கள். நேராகப் போகும்போதே நண்டு மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து போனால் சேசிஸ் வளைந்திருக்கிறது என்று அர்த்தம். வயரிங்கைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்புக் கம்பி சுற்றியிருந்தால், அது தீப்பிடிக்கிற வண்டி. காலி வண்டியை ஓட்டிக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் ஏற்றப் போகிற மூட்டை எடையோடு ஒரு மேடு ஏறி இறங்கட்டும், பிரேக் அங்கேதான் தெரியும். நமக்குத் தெரிந்த மெக்கானிக்குக் கூலி கொடுத்தே கூட்டிப் போங்கள். புரோக்கர் கூட்டி வருகிற மெக்கானிக் புரோக்கருக்குத்தான் மெக்கானிக்.

வேறு இன்ஜினோ ஆக்சிலோ முறைப்படி ஆர்.சி.யில் ஏற்றியிருந்து, வாங்குவது என்று முடிவானால், கட்டினவரிடம் ஒரு விஷயம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: எந்தச் சாமான் எந்த வண்டியுடையது? பிரேக் ஷூ எந்த மாடல், பெல்ட் எந்த நம்பர், பேரிங் எது? இது இல்லாவிட்டால் ஒவ்வொரு ரிப்பேருக்கும் சாமானைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு டவுனில் கடை கடையாக அலையணும். அன்றைய வருமானமும் போச்சு. குழுவுக்குத் தீர்மான நோட்டு வைக்கிற மாதிரி வண்டிக்கு ஒரு நோட்டு போடுங்கள். முதல் வாரமே இன்ஜின் ஆயில், கியர் ஆயில், ஃபில்டர் மாற்றி, பிரேக்கைப் பிரித்துப் பார்த்து, தேதியும் கிலோமீட்டரும் எழுதுங்கள். சில நாள் ஓடின பிறகு யூ போல்ட், சக்கர நட்டு எல்லாம் மறுபடி முறுக்கிப் பார்க்கணும். கடன் வாங்கும்போதே இந்தச் செலவுக்கும் சேர்த்துக் கேளுங்கள். வண்டி விலைக்கு மட்டும் கேட்டுவிட்டு அடுத்த மாதம் உள்கடனுக்கு வருவதில் குழுவுக்கும் கஷ்டம்.

பேர் மாற்றம். படிவம் 29, 30-ல் விற்பவர் கையெழுத்து இல்லாமல் முழுப்பணம் கொடுக்காதீர்கள். ஃபைனான்ஸ் இருந்தால் படிவம் 35-ம் கம்பெனி கடிதமும் வேணும். வாங்கினவர் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கணும், இன்சூரன்ஸை 14 நாளுக்குள் தன் பேருக்கு மாற்ற விண்ணப்பிக்கணும். "பேர் மெதுவா மாத்திக்கலாம்மா" என்று விற்பவர் சொன்னால் இதைச் சொல்லுங்கள்: விற்ற பிறகும் ஆர்.சி.யில் பேர் இருக்கிறவர்தான் விபத்துக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே சொல்லிவிட்டது. அவரே மறுநாள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு வந்து நிற்பார்.

யார் பேரில் மாற்றுவது? கடன் நம் பேரில், தவணை கட்டுவது நாம், ஆர்.சி. மட்டும் வீட்டுக்காரர் பேரில் என்று பல இடத்தில் நடக்கிறது. நாளைக்கு அந்த வண்டியை விற்க அவர் கையெழுத்து போதும். தவணையோ நம் தலையில் நிற்கும். எனவே கடன் யார் பேரிலோ ஆர்.சி. அவர் பேரில் இருக்கட்டும் என்பது எங்கள் கருத்து. ஆனால் அக்கா, பேர் வந்தால் பொறுப்பும் வரும். லைசென்ஸ் இல்லாத தம்பி ஓட்டி யாராவது அடிபட்டால் கேஸ் உங்கள் மேலும்தான். இன்சூரன்ஸ் கம்பெனி நஷ்டஈட்டைக் கொடுத்துவிட்டு அதை உங்களிடம் வசூலிக்கக் கேட்கலாம்.

கடைசியாக, சொன்னால் சிலருக்குக் கோபம் வரும் விஷயம். நம் பெண்கள் களை எடுக்க, கோயில் திருவிழாவுக்கு, ஏன், இந்தக் கூட்டத்துக்கே லோடு வண்டியில் பதினைந்து இருபது பேர் நின்றுகொண்டு வருகிறார்கள். சரக்கு வண்டியில் சும்மா ஏற்றிக்கொண்டு போகிற ஆட்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-ல் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. சரக்குக்குச் சொந்தக்காரர் தன் சரக்கோடு போனால் அது வேறு. மற்றபடி வண்டி கவிழ்ந்தால், அடிபட்ட நம் சகோதரி நஷ்டஈடு கேட்டு வர வேண்டியது வண்டி வைத்திருக்கிற இன்னொரு சகோதரியின் வீட்டு வாசலுக்குத்தான். ஒரே குழுவாகக்கூட இருக்கலாம். ஸ்பிரிங் பட்டை கூட்டின வண்டி காலியாக ஓடும்போதே தூக்கித் தூக்கிப் போடும், ஆட்கள் நின்றால் வளைவில் சொல்லவே வேண்டாம்.

ஆகவே வண்டிக்கடன் கேட்கும் குழுக்கள், "வண்டியில் ஆள் ஏற்ற மாட்டோம்" என்று தீர்மானம் போட்டு அனைவரும் கையெழுத்து வைத்து விண்ணப்பத்தோடு கொடுங்கள். பென்சில் பிரிண்ட் எடுத்த தாளையும் ஆர்.சி. நகலையும் சேர்த்தே இணையுங்கள். வண்டி பார்க்கப் போகும் நாளை முன்கூட்டிச் சொன்னால் எங்களில் ஒருவர் கூட வருகிறோம். காந்தம் எங்களிடம் இருக்கிறது.