செவ்வொளியும் சீழ்ப்புண்ணும்
1967-ல் புடாபெஸ்ட் மருத்துவர் எண்ட்ரே மெஸ்டர், லேசர் ஒளியால் புற்றுநோய் வருமா என்று பார்க்க, முடி மழித்த சுண்டெலிகள் மேல் மெல்லிய ரூபி லேசரின் செவ்வொளியைப் பாய்ச்சினார். புற்று வரவில்லை, முடிதான் சீக்கிரம் முளைத்தது! பிறகு ஆறாத புண்களிலும் அதைச் சோதித்தார். செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா இந்தச் செவ்வொளியை உறிஞ்சி ஆற்றலைப் பெருக்குகிறது என்பது பலரும் ஏற்கும் விளக்கம்.

அப்படியானால் சீழ் பிடித்த புண்ணுக்கும் இதுவே போதுமே என்பீர்கள். போதாது. இந்த ஒளி கிருமியைப் பொசுக்காது. சில ஆய்வகச் சோதனைகளில் கிருமியும் சேர்ந்தே செழித்திருக்கிறது. ஆகவே புண்ணைச் சுத்தம் செய்வதும், தேவைப்பட்டால் ஆன்டிபயாடிக்கும்தான் முதலில். இந்தச் செவ்வொளியே கிருமியைக் கொல்ல வேண்டுமென்றால் மெத்திலீன் நீலம் போன்ற சாயம் துணைக்கு வேண்டும்: ஒளி பட்டதும் அது ஆக்ஸிஜனை மூர்க்கமாக்கி, கிருமியின் சவ்வைச் சிதைக்கிறது. ஆய்வகத்தில், மருந்துக்கு மசியாத கிருமிகளும் இதில் மடிகின்றன.